மொய் எழுதாத கல்யாணம்

வா மருமவனே, உக்காரு. கம்பெனி ஆரம்பிக்கப் போறியாமே? சேலையூர்ல மாடி மேல ஒரு ரூமு, ஒரு நெட் லைனு, ஒரு பொட்டி. துபாய்ல இருக்கிறவன் நெட்டு வழியா பேசுவானாம், அந்தப் பேச்சு உன் பொட்டிக்குள்ள பூந்து வெளிய வந்து, இங்க அவன் பொண்டாட்டி கையில இருக்கிற சாதா போன்ல மணியடிக்குமாம். இந்த ரோசனை உலகத்துலயே மொதல்ல எங்க புள்ளைக்குத்தான் வந்துச்சின்னு அக்கா மாடம்பாக்கம் பூரா சொல்லிக்கினு இருக்குது. ரொம்ப சந்தோஷம். நான் டெலிபோன் டிபார்ட்மென்ட்ல கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவன். உன்ன மாதிரி இன்ஜினியருக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு ஏது? ஆனா தாய்மாமன்னு ஒரு மொறை இருக்குதே. உனக்குக் காது குத்தறப்ப மடியில உக்கார வச்சது நான்தான். இன்னிக்கி நீ ஊருக்குக் காது குத்தக் கிளம்பறன்னா அதுக்கும் மடி குடுக்க வேண்டியது நான்தானே.

மொதல்ல பழைய போனு எப்படி ஓடுச்சின்னு கேட்டுக்க. உங்க காலேஜுல சொல்லிக் குடுத்திருப்பாங்க, நீ பரீட்சை எழுதின அன்னிக்கே மறந்திருப்ப. வூட்டுல இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி. அதுல எந்நேரமும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரில இருந்து 48 வோல்ட் வந்துக்கினே இருக்கும். மணியடிக்கணும்னா 75 வோல்ட் அளவுக்கு ஏத்தி அனுப்புவாங்க. நாங்க கம்பியோட தோலைப் பல்லால உரிக்கிற ஆளுங்க. உரிச்சிக்கினு இருக்கறப்ப எவனாச்சும் அந்த நம்பருக்குப் போன் அடிச்சான்னு வையி, வூட்டுக்காரனுக்கு முன்னாடி எங்க கடவாப்பல்லுக்குச் சேதி தெரிஞ்சிடும்.

நீ பேசறது எக்ஸ்சேஞ்சுக்குப் போனதும் அதை செகண்டுக்கு 8,000 தடவை அளப்பாங்க. ஒவ்வொரு அளவுக்கும் 8 பிட்டு. ஆக செகண்டுக்கு 64,000 பிட்டு. உங்கத்தை மாதிரி மூச்சு விடாம பேசினாலும் சரி, என்னை மாதிரி 'ம்' மட்டும் கொட்டிக்கினு இருந்தாலும் சரி, போனை வைக்கிற வரைக்கும் அந்தப் பாதை உனக்கே சொந்தம். வேற எவனும் குறுக்க வர மாட்டான்.

நெட்டுல அந்த மரியாதை கெடையாது. பேச்சை 20 மில்லி செகண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் ஒட்டி, செகண்டுக்கு 50 பாக்கெட்டா ரோட்டுல அவுத்து வுட்டுடுவான். முன்னாடி போனது பின்னாடி வரும், ஒண்ணு ரெண்டு வராமலே போயிடும். வாங்கறவன் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்து வரிசைப்படுத்தித்தான் காதுல போடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் ஒரு அளவு இருக்குது. வாயில இருந்து காதுக்குப் போக 150 மில்லி செகண்டைத் தாண்டாம இருந்தா நல்லதுன்னு உலகத் தொலைத்தொடர்பு சங்கத்துக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. அதுக்கு மேல போச்சின்னா நீயும் பேசுவ, அவளும் பேசுவா, ரெண்டு பேரும் நிறுத்துவீங்க, மறுபடி ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்பீங்க. கல்யாணம் ஆனவனுக்கு இது பழக்கம்தான். உனக்குத்தான் புதுசு.

இந்த ரெண்டு ஜாதிப் போனையும் ஒட்ட வைக்கிறதுக்குக் கேட்வேன்னு ஒரு மெஷினு. நெட்டுப் பக்கத்துல பாக்கெட்டை வாங்கி, அந்தப் பக்கம் 64,000 பிட்டா ஊத்தும். பேச்சை மட்டும் மாத்தினா போதாது. மணி அடிக்குது, பிஸி, எடுத்துட்டான், வச்சிட்டான், இந்தச் சங்கதியை எல்லாம் எக்ஸ்சேஞ்சுங்க தங்களுக்குள்ள எஸ்.எஸ்.7னு ஒரு பாஷையில பேசிக்கும். நெட்டுக்காரன் சிப்புனு வேற பாஷை. அதையும் அந்த மெஷின்தான் மாத்திச் சொல்லணும். அமெரிக்காக்காரன் கொரலை அளந்து எழுதற கணக்கே ஒரு தினுசு, நம்மளுது வேற தினுசு. அதையும் நடுவுல ஒருத்தன் மாத்தினாத்தான் கொரலு கொரலா வரும். மாத்தாம வுட்டா கரகரன்னு கரையும்.

எதிரொலின்னு ஒரு தொல்லை வேற. வூட்டுக்கு வர்றது ரெண்டு கம்பி, எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளார போனா பேசறதுக்கு ரெண்டு, கேக்கறதுக்கு ரெண்டுன்னு நாலு. ரெண்டு நாலா பிரியற எடத்துல உன் கொரலு கொஞ்சம் ஒழுகி உன் காதுக்கே திரும்பி வரும். பழைய போன்லயும் அது வந்துக்கினேதான் இருந்துச்சி. உடனே வந்துட்டதால எவனுக்கும் தெரியல. நெட்டு தாமதம் பண்ணினதும் மாட்டிக்கிச்சி. நாங்க கம்பத்துல தொங்கின காலத்துல பண்ண தப்பை எல்லாம் இந்த இன்டர்நெட்டு வந்து காட்டிக் குடுத்துடுச்சி பாரு. அதை அழிக்கறதுக்கு கேட்வேலயே தனியா ஒரு ஏற்பாடு வச்சாங்க.

பேங்குக்குப் போன் பண்ணினா 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்'னு ஒருத்தி சொல்லுவா இல்ல? பாதை மிச்சம் பண்றேன்னு 64,000 பிட்டை 8,000 ஆக்கிச் சுருக்கற வித்தை ஒண்ணு இருக்குது. மனுசன் கொரலுக்குன்னே செஞ்ச வித்தை அது. பட்டனை அழுத்தற 'பீங்'கு சத்தம் அதுல போனா கெட்டுப் போயிடும். நீ ஒண்ணை அழுத்தி அழுத்தி வெரல் தேஞ்சாலும் அவ மறுபடி மொதல்ல இருந்து பாடுவா. அதனால அழுத்தின நம்பரை மட்டும் தனியா ஒரு சேதியா அனுப்புன்னு வழி கண்டுபுடிச்சாங்க. ஃபேக்ஸும் இதே மாதிரி திண்டாடிச்சி. அது செத்தே போச்சி, வுடு.

மருமவனே, நான் சொன்ன இத்தனை தொல்லையும் தீர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ஆவுது. நீ டவுசர் போட்டுக்கினு கோலி ஆடறப்பவே தீர்ந்து போச்சி. அப்புறம் ஏன் எல்லாரும் பொட்டி வாங்கி மாடியில கம்பெனி வைக்கல? ஊர்ல அறிவாளி நீ ஒருத்தன்தானா? இங்கதான் விஷயமே இருக்குது. கொரலை ஒட்ட வைக்கிறது சுலபம். கல்லாவை ஒட்ட வைக்கறதுதான் கஷ்டம்.

1995 ஆகஸ்ட் 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். பொதுசனத்துக்கு இன்டர்நெட்டு குடுத்தான். வெளிநாட்டுக்குப் போன் போடற வழியும் 2002 மார்ச் கடைசி வரைக்கும் அவன் கையிலதான். அந்தக் காலத்துல ஜி.எஸ்.டி. ரோட்டுல ரெண்டு கடைக்கு ஒரு எஸ்.டி.டி. பூத்து மஞ்ச போர்டு. கண்ணாடி ரூமுக்குள்ள ஒருத்தன் பேசுவான், வெளிய நாலு பேரு மீட்டரைப் பாத்துக்கினு நிப்பாங்க. அமெரிக்காவுல புள்ள பெத்த பொண்ணு கிட்ட 'சொகமா?'ன்னு கேக்கறதுக்குள்ள அப்பன் மூஞ்சி கருத்துப் போவும்.

2002 ஏப்ரல் ஒண்ணாந் தேதி சர்க்காரு நெட்டு வழியா பேசலாம்னு கதவைத் தொறந்துச்சி. தேதியைப் பாத்துக்க, நான் ஒண்ணும் சொல்லல. கம்ப்யூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். கம்ப்யூட்டர்ல இருந்து வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம். இந்தியாவுல இருக்கிற போனுக்கு மட்டும் கூடாது. புரிஞ்சுதா? தாம்பரத்துல பிரவுசிங் சென்டர்ல காதுல ஹெட்போனை மாட்டிக்கினு நியூ ஜெர்சியில ஒருத்தன் வூட்டு போனை அடிக்கலாம். மூணு ஸ்டேஷன் தள்ளி பல்லாவரத்துல இருக்கிற சித்தப்பன் வூட்டுக்கு அடிச்சா சட்ட விரோதம். கடலைத் தாண்டினா தப்பில்ல, குரோம்பேட்டையைத் தாண்டினா தப்பு.

ஏன்னு கேக்கற. கேக்க மாட்ட, நான்தான் கேட்டுக்கணும். மொய் கணக்குடா அது. நம்ம ஊருல கல்யாணம்னா வாசல்ல நோட்டு வச்சிக்கினு ஒருத்தன் உக்காந்திருப்பான் இல்ல? நீ எங்க வூட்டுக்கு எழுதினதை நான் உங்க வூட்டுக்கு எழுதணும். போன் கம்பெனிங்களுக்கு நடுவுலயும் 2003-ல இருந்து அப்படி ஒரு நோட்டு இருந்துச்சி. என் ஆளு உன் ஆளுக்குப் போன் பண்ணினா, உன் பந்தல்ல உக்காந்து சாப்புட்டதுக்கு நான் நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு எழுதணும். 2017 செப்டம்பர்ல அது 14 பைசா. அந்த வருஷம் அக்டோபர் ஒண்ணுல இருந்து 6 பைசா. நெட்டுல வர்றவன் இன்னா பண்ணுவான்? எந்தக் கம்பெனி ஆளுன்னு சொல்லாம, பின்பக்கமா பூந்து பந்தியில உக்காந்துடுவான். நோட்டுக்காரனுக்கு வயிறு எரியாதா? லைசென்ஸுக்குக் கோடிக் கோடியா கொட்டினவன் இலை போட்டுக்கினே 'யாருப்பா நீ?'ன்னு கேக்க மாட்டானா? ஸ்கைப்புக்காரனும் 2014 நவம்பர் 10-ந் தேதியோட, இந்தியாவுக்குள்ளயே இந்தியப் போனுக்கு அடிக்கிற வசதியை நிறுத்திட்டான். 2025 மே மாசம் கடையையே சாத்திட்டுப் போயிட்டான், அது வேற கதை.

அப்புறம் 2016 செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ வந்துச்சி. நீ கண்டுபுடிச்சதா சொல்றியே, அதை அவன் கோடிக்கணக்கான பேரு கையில குடுத்தான். அவன் கிட்ட பழைய மாதிரி 2ஜி, 3ஜி எதுவும் கெடையாது. ஒவ்வொரு பேச்சும் பாக்கெட்டுதான். உங்க பாட்டி அந்தச் சின்ன பட்டன் போன்ல திண்டிவனத்துக்குப் பேசிச்சே, அது நெட்டுப் பேச்சுதாண்டா. ஸ்டார்ட்டப்பு வைக்காமலே கெழவி உன் டெக்னாலஜியை ஓட்டிட்டுப் போய்ச் சேந்துடுச்சி.

ஆனா ஜியோவுல இருந்து மத்த கம்பெனிக்கு அடிச்சா லைன் கெடைக்கல. கூட்டம் அம்மாம் பெருசு, பந்தல் வாசல் போதல. வேணும்னே வாசலைக் குறுக்கிட்டாங்கன்னு ஜியோ சொல்லிச்சி. ஓசியில பேச வச்சி ஊரையே கூட்டியாந்து எங்க வாசல்ல கொட்டினா நாங்க இன்னா பண்றதுன்னு மத்த கம்பெனிக்காரங்க சொன்னாங்க. 2016 அக்டோபர்ல, போன் கம்பெனிங்களை மேய்க்கிற சர்க்காரு அமைப்பு டிராய், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூணு பேருக்கும் சேத்து 3,050 கோடி அபராதம் போடலாம்னு சிபாரிசு பண்ணிச்சி. யாரு சொன்னது நியாயம்? எனக்குத் தோணறதைச் சொல்றேன். எல்லாப் பய சொன்னதும் நெசம்தான், எவன் சொன்னதும் நமக்காகச் சொன்னது இல்ல. 2019 அக்டோபர்ல ஜியோவே, வேற கம்பெனிக்குப் பேசினா நிமிஷத்துக்கு 6 பைசான்னு அவன் ஆளுங்க கிட்ட வசூல் பண்ணான். 2021 ஜனவரி ஒண்ணுல இருந்துதான் உள்நாட்டுக்குள்ள மொய்யே வேணாம், வந்து சாப்புட்டுப் போங்கன்னு நோட்டை மூடினாங்க.

நடுவுல ஒரு நல்ல காரியமும் நடந்துச்சி. நெட்டுல பேசறதுக்கும் சாதா போனுக்கும் சேத்து வைக்கலாம், ஆனா லைசென்ஸ் வச்சிருக்கிறவன்தான் செய்யணும்னு 2017 அக்டோபர்ல டிராய் சொல்லிச்சி. 2018 ஜூலையில பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்'னு ஒண்ணு கொண்டாந்தான். வருஷத்துக்கு 1,099 ரூபா, பத்து எண்ணு நம்பரு ஒண்ணு, ஒரு ஆப்பு. சிம்மு கெடையாது. வைஃபை இருந்தா எந்தப் போனுக்கு வேணாலும் அடிக்கலாம். எங்க டிபார்ட்மென்ட்டுதான் மொதல்ல செஞ்சிச்சின்னு நெஞ்சை நிமுத்திக்கினு சொல்லுவேன். எத்தினி பேரு வாங்கினாங்கன்னு மட்டும் கேக்காத. ரிட்டயர் ஆன மனுசனுக்கு ஒரு பெருமையாச்சும் மிச்சம் இருக்கட்டும்.

உங்க வாட்ஸ்ஆப்பு இருக்குதே, அது பெரிய கில்லாடி. ஆளைக் கண்டுபுடிக்க நம்ம போன் நம்பரை எடுத்துக்கிச்சி, ஆனா நம்ம எக்ஸ்சேஞ்சு பக்கம் எட்டியே பாக்காது. அதுல இருந்து எங்க வூட்டு போனை அடிக்க முடியாது. பந்தல் பக்கமே வராதவன் கிட்ட எப்படிடா மொய் கேப்ப? போன் கம்பெனிங்க இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பொலம்பிக்கினு இருக்காங்க.

'எங்க வூட்டுல லேண்ட்லைன் இருக்குது மாமா, அது அந்தக் காலத்துதானே'ங்கற. அப்படியா? மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பசங்க வந்து செம்புக் கம்பியை அத்துட்டு, கறுப்பு ஃபைபரை இழுத்து, செவுத்துல வெள்ளைப் பொட்டி ஒண்ணு மாட்டிட்டுப் போனாங்களே, அப்ப அக்கா 'நம்பர் மாறலை இல்ல?'ன்னு மட்டும்தான் கேட்டுச்சி. நம்பர் மாறல. மத்தது எல்லாம் மாறிப் போச்சி. அந்தப் பொட்டியில இருந்து உங்க கொரலு பாக்கெட்டாத்தான் கிளம்புது. கேட்வேயே உங்க வூட்டு செவுத்துல, சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குது. நீ அதுக்குக் கீழ உக்காந்துக்கினு கேட்வே கண்டுபுடிக்கப் போறேன்னு சொல்ற.

ஒண்ணே ஒண்ணு கைய வுட்டுப் போச்சி. 48 வோல்ட்டு. செம்புக் கம்பி போனுக்கு உங்க வூட்டுக் கரண்ட் தேவையில்ல, எக்ஸ்சேஞ்சே சோறு போட்டுக்கினு இருந்துச்சி. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூரு, வரதராஜபுரம் எல்லாம் மொதல் மாடி வரைக்கும் தண்ணி. கரண்ட் போச்சி, டவருங்களுக்கு டீசல் போச்சி, செல்போன் எல்லாம் வெறும் டார்ச் லைட்டா கெடந்துச்சி. தண்ணி நுழையாத எக்ஸ்சேஞ்சுல கம்பி போனு அப்பயும் பேசிச்சி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப? செவுத்துல இருந்த வெள்ளைப் பொட்டி கரண்ட் போன நிமிஷமே கண்ணை மூடிக்கிச்சி. அதுக்குச் சின்னதா ஒரு பேட்டரி வாங்கி வையின்னு அப்பவே சொன்னேன். கம்பெனிக்கு முதலாளி ஆவப்போற புள்ள, அம்மா வூட்டுக்கு ஒரு பேட்டரி வாங்கல.

சரி, நெசமாவே கம்பெனி வைக்கணும்னா வழி இருக்குது. லைசென்ஸ் இருக்கிற கம்பெனி கிட்ட போயி சிப் டிரங்க்குன்னு கேளு. கம்பிக்குப் பதிலா நெட்டு வழியாவே நூறு லைன் குடுப்பான், 044 நம்பரும் குடுப்பான். கேட்வே அவனுது, கவலை அவனுது, உனக்கு மாசா மாசம் பில்லு மட்டும். மெப்ஸ்ல நீ வேலை பாத்த கால் சென்டர் மாதிரி வைக்கணும்னா அதுக்கும் இப்ப கெடுபிடி கம்மி. முன்னெல்லாம் நெட்டுப் பேச்சும் ஊருப் பேச்சும் ஒரே மெஷின்ல கலக்கக் கூடாதுன்னு செவுரு எழுப்பச் சொல்லுவாங்க, பேங்கு கேரண்டி கேப்பாங்க. 2020 நவம்பர்லயும் 2021 ஜூன்லயும் அதுல முக்காவாசியைத் தூக்கிட்டாங்க. கம்பெனிக்குச் சேர வேண்டிய காசை ஏமாத்தி வேற வழியா பேச்சைக் கடத்தறது மட்டும் இன்னிக்கும் ஆவாது. விளம்பரத்துக்கு ஊரையெல்லாம் கூப்புடப் போறன்னா 140-ல ஆரம்பிக்கிற நம்பரு வாங்கிக்க. மத்தியானம் தூங்கறவங்க உன்ன வாழ்த்துவாங்க.

ஆனா நீ சொல்ற பொட்டி இது இல்லியே. உன் பொட்டியில வரிசையா சிம் கார்டு சொருவற எடம் இருக்குதாம். அதுக்கு சிம் பாக்ஸுன்னு பேரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மொய் நோட்டை உள்நாட்டுக்குத்தான் மூடினாங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற காலுக்கு இன்னும் மொய் உண்டு. 2018-ல 53 பைசாவை 30 ஆக்கினாங்க, 2020-ல 35-ல இருந்து 65 பைசா வரைக்கும் நீங்களே பேசி முடிச்சிக்கங்கன்னு வுட்டாங்க. வாசல்ல வந்தா 65 பைசா வரைக்கும், உள்ளூரு ஆளு மாதிரி வேஷம் போட்டா சைபர். அந்த இடைவெளியிலதான் உன் சேலையூரு ரூமு நிக்குது. துபாய்க்காரன் பேச்சு நெட்டுல வரும், உன் பொட்டி ஒரு சிம்முல இருந்து உள்ளூரு காலா மாத்தி அடிக்கும். மாசப் பேக்குல பேசினா பைசா செலவில்ல. அருமையான தொழிலு. சம்பளம் ஜாஸ்தி, சாப்பாடு சர்க்காரு செலவு.

ஏன்னா 2023-ல புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்குது. அனுமதி இல்லாம இந்த வியாபாரம் பண்ணினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்லாட்டி ரெண்டு கோடி வரைக்கும் அபராதம், ரெண்டுமே போட்டாலும் போடலாம். புடிக்க மாட்டாங்கன்னு எவனோ சொல்லியிருப்பான். ரோசிச்சிப் பாரு. ஒரு சிம்மு பொழுதன்னிக்கும் வெளிய போன் பண்ணிக்கினே இருக்குது, அதுக்கு ஒருத்தரும் போன் பண்றதில்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போவல, தீவாளிக்குத் தி.நகரு போவல, ராத்திரி பகலா ஒரே டவருக்குக் கீழ கெடக்குது. பக்கத்துலயே அதே மாதிரி இன்னும் முப்பது சிம்மு. இதைக் கண்டுபுடிக்க உன்ன மாதிரி இன்ஜினியரு வேணுமாடா?

உனக்குத் துபாய்க்காரன் பொண்டாட்டி கிட்ட பேசறதுதான் கண்ணுல தெரியுது. பொட்டிக்கு அது தெரியாது. 'நான் போலீஸ் பேசறேன், நீ டிஜிட்டல் அரெஸ்ட்டு'ன்னு எவனோ வெளிநாட்டுல உக்காந்து மெரட்டறானே, அவன் வாயும் அதே வழியாத்தான் வரும். அப்படி நம்ம ஊரு நம்பர் வேஷம் போட்டு வெளிய இருந்து வர்ற காலைத் தடுக்க 2024 அக்டோபர் 22-ந் தேதி சர்க்காரு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சிச்சி. மொத 24 மணி நேரத்துல மட்டும் 1 கோடியே 35 லட்சம் காலை மடக்கினாங்க. வாசல்ல அடைச்சதும் அவனுங்களுக்கு உள்ளார கொல்லைக் கதவு வேணும். வாடகைக்கு ரூமு புடிச்சிக்கினு ஒரு அறிவாளிப் புள்ள காத்துக்கினு இருந்தா வாணாம்னா சொல்லுவான்?

ஒரு ஆளுக்கு ஒம்போது சிம்முக்கு மேல குடுக்க மாட்டாங்க. பொட்டியை ரொப்பணும்னா வேற ஆளுங்க வேணும், அவங்க ஆதாரு வேணும். போன வாரம் அக்கா ஆதார் கார்டைத் தேடிக்கினு இருந்துச்சி. 'தம்பி கம்பெனி வேலையா ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு போனான், கடையில ரெண்டு மூணு தடவை கைரேகை கூட வச்சேன்'னு வெள்ளந்தியா சொல்லிச்சி. நான் ஒண்ணும் கேட்டுக்கல. நேத்து சாயங்காலம் என் பேரனைக் கூட்டிக்கினு போயி அக்கா கையில இருந்த போனை வாங்கினேன். சஞ்சார் சாத்தின்னு சர்க்காரு வெப்சைட்டு ஒண்ணு இருக்குது, ஒருத்தர் பேருல எத்தினி சிம்மு ஓடுதுன்னு காட்டும். ஓ.டி.பி. வந்துச்சி, பேரன் போட்டான்.

எட்டு காட்டுது மருமவனே. அக்காவுக்கு இருக்கறது ஒண்ணு.

வெப்சைட்டுலயே 'இது என் நம்பர் இல்ல'ன்னு ஒரு பட்டன் இருக்குதாம். பேரன் அழுத்தவான்னான். இரு, உங்க சித்தப்பன் நாளைக்கி வருவான், அவன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு சொல்லியிருக்கேன். அந்த ஏழும் எந்தப் பையில இருக்குது? இங்க எடுத்து வையி. காலையில பத்து மணிக்கு ஷோரூம் தொறப்பான், நானும் வர்றேன், போயி எல்லாத்தையும் வெட்டிட்டு வந்துடலாம். அட்வான்ஸ் குடுத்திருக்கியே அந்த ரூமு, வூட்டுக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான், அவன் வூட்டுக்குக் கம்பி இழுத்தது நான்தான். அவன் கிட்ட நான் பேசிக்கிறேன். உங்க அம்மாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. உள்ள காப்பி போட்டுக்கினு இருக்குது, சக்கரை தூக்கலா போடச் சொல்லட்டுமா?